சனம் இருக்கிற இடமெல்லாம் இழுக்கும்

1

ஊரிலை இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு முதலே சொல்லிப்போடுறன், இது பழிவாங்கின கதை. மறந்து மன்னிச்சு விட்ட கதை வேணுமெண்டால் வேறை ஆரிட்டையும் கேளுங்கோ. அப்பிடி எழுதுற நல்ல மனுசர் மெல்பேர்ணிலை கனபேர் இருக்கினம். நான் அந்தக் கூட்டத்திலை இல்லை.

இதை எழுதுறது நல்லர்போர் எண்ட வெளியிலை இருந்து. அடிலெய்ட் பக்கமிருந்து மேற்காலை போற நெடுஞ்சாலையிலை, மரம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லாத இடம். கடைசியாக் கடையைக் கண்டது முந்தநாள். எங்கடை வீட்டு வானை றோட்டுக்கரையிலை விட்டிட்டு, மடிப்புக் கதிரையைப் போட்டு, மடியிலை லப்டொப்பை வைச்சுக்கொண்டு இருக்கிறன். உள்ளை குசினியிலை பத்மா கத்தரிக்காய் பொரிக்கிறா. போனிலை சிக்னல் கோடு நிறைஞ்சு நிக்குது. இந்தக் கோட்டுக்காக நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போறன்.

வீட்டு வான் எண்டது, முன்னுக்கு ஓட்டுற சீற், பின்னுக்குக் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைச்ச வாகனம். வாங்கினவர் இவர்தான். இவர் எண்டால் என்ரை மனுசன், சோதிநாதன். மெல்பேர்ணிலை பஸ் ஓட்டினவர். ஒரே றூட்டிலை ஓடி ஓடி அலுத்த மனுசனுக்கு, ஓய்வெடுத்தாப் பிறகு றூட் இல்லாமல் ஓடவேணும் எண்டு ஆசை. வாங்கி, ரோவிலிலை இருக்கிற எங்கடை வீட்டு வாசல்லை விட்டு, கழுவித் துடைச்சு, ஒருக்கால் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேந்து நெஞ்சு நோகுது எண்டு படுத்தவர் எழும்பேல்லை.

அந்த மனுசனுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. எங்கடை ஊரிலை பாலர் பாடசாலைக்கு ஒரு கட்டடம் கட்டவேணும் எண்டு மெல்பேர்ண் ஊர்ச்சங்கத்திலை முதல் வாய் திறந்தவர் இவர்தான். லீவு கிடைச்ச நேரமெல்லாம் ஊருக்குப் போய், கொங்கிறீட் போடேக்கை வெய்யிலுக்கை நிண்டு, மேசன்மாரோடை சண்டை பிடிச்சு, சுவரை எழுப்பிப்போட்டு வந்தவர். கூரை போட முதல் ஆள் போய்ச் சேந்திட்டார். இவர் செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு அண்டைக்கு எங்கடை வீட்டு ஹோலிலை, அவ்வளவு சனத்துக்கும் நடுவிலை, சங்கத் தலைவர் ஜெயசீலன் எழும்பி நிண்டு சொன்னவர்: "சோதி அண்ணையின்ரை பேர்தான் வாசலுக்கு மேலை வரும். இது சங்கத்தின்ரை வாக்கு." அப்ப அவற்றை கையிலை பாதி கடிச்ச வடை இருந்தது. எனக்கு அந்த வடையும் ஞாபகம் இருக்குது.

2

ஜெயசீலனுக்கு டண்டினோங்கிலை கடை. கருவாடு, முருங்கைக்காய், போன் சிம், விமான ரிக்கற் எல்லாம் ஒரே கவுண்ரரிலை விக்கிறவர். ஊருக்குப் போற அந்தரத்திலை போய் நிண்டால் ரிக்கற்றைத் தந்திட்டுக் காசை ஆறுதலா வாங்குவார். அதாலை சங்கத்திலை அவரை எதிர்த்து ஒருத்தரும் மூச்சு விடமாட்டினம். என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுவார். வாய் நிறைய அக்கா.

இவற்றை முதலாம் வருசத் திவசம் முடிஞ்சும் நான் வானை விக்கேல்லை. மகள் தர்ஷினி சிட்னியிலை, ஹோம்புஷ்ஷிலை ஒரு பிளற்றிலை இருக்கிறாள். கிழமைக்கு ஒருக்கால் போன் எடுப்பாள், எடுத்தவுடனை "அம்மா, ஜஸ்ற் செல் இற், ப்ளீஸ்" எண்டுவாள். நான் விக்காமல் ஓட்டப் பழகினன். பழகி, பத்மாவையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன். பத்மா என்னோடை முதியோர் இல்லத்திலை வேலை செய்தவ, கலியாணம் கட்டாதவ, வடமராட்சி ஆள். "ரெண்டு பொம்பிளையள் தனிய வானிலை திரியப் போகினமாம்" எண்டு கேரம் டவுன்ஸ் கோயிலிலை சாப்பாட்டு வரிசையிலை நிண்டு கதைச்சவையின்ரை முகமெல்லாம் எனக்குத் தெரியும். அதுகளைப் பிறகு பாப்பம்.

வெளிக்கிட முதல் ஜெயசீலனின்ரை கடைக்குப் போனன்.

"தம்பி, தூரப் பயணம். இன்ரநெற் வேணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது."

"அக்கா, உந்தப் பெரிய கொம்பனிக்காரர் கொள்ளை அடிப்பினம். நான் விக்கிறது சின்னக் கொம்பனிச் சிம். அதே பெரிய கொம்பனியின்ரை கோபுரத்திலைதான் ஓடுது, விலை பாதி. சிக்னலுக்கு யோசிக்காதையுங்கோ, சனம் இருக்கிற இடமெல்லாம் இழுக்கும்."

சுவரிலை அவுஸ்திரேலியாப் படம் ஒண்டு ஒட்டியிருந்தது. முழு நாடும் நாவல் நிறம். நானும் அதைப் பார்த்து நம்பி வாங்கிக்கொண்டு வந்தன்.

நாங்கள் நல்லர்போருக்கு முதல் வாற செடுனாவைத் தாண்டேக்கை சங்கத்தின்ரை ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தல் வட்ஸ்அப்பிலை வந்தது. கூட்டம் ஸூமிலை. நிகழ்ச்சி நிரலிலை கடைசி வரிக்கு முதல் வரியை ரெண்டு தரம் வாசிச்சன். பாலர் பாடசாலை வாசலுக்கு ஜெயசீலனின்ரை அப்பாவின்ரை பேர். கூரை வேலைக்கு அவையள் குடும்பமா உதவினவையாம். இவற்றை பேர் உள்ளுக்கை ஒரு சின்னக் கல்லிலை, உதவி செய்த மற்ற ஆக்களோடை சேர்ந்து வருமாம்.

கூட்டத்தண்டு நாங்கள் நிண்டது இதே வெளியிலைதான். போனிலை ஒரு கோடு வரும், போகும். கீழை நிண்டால் அதுவும் இல்லை. வானின்ரை பின் ஏணியிலை ஏறி, ஒரு கையாலை கம்பியைப் பிடிச்சு, மற்றக் கையாலை போனை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு கூட்டத்திலை இருந்தன். கீழை பத்மா தன்ரை போனிலை என்னை வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டா. ஏணியிலை தொங்குற கிழவியை ஆர்தான் எடுக்காமல் விடுவினம்.

"சிவமலர் அக்கா ஏதும் சொல்லுறியளோ?" எண்டு ஜெயசீலன் கேட்டது தெளிவாக் காதிலை விழுந்தது.

நான் தொடங்கினன். இவர் லீவெடுத்துப் போனது, சுண்ணாம்பு பட்டுக் கை வெடிச்சது, பிளேனிலை வந்து இறங்கின கையோடை டிப்போவுக்கு வேலைக்குப் போனது, எட்டுச்செலவிலை தந்த வாக்கு, எல்லாத்தையும் சொன்னன். ஒரு காலமும் அப்பிடி நான் கதைச்சதில்லை. இவர் உயிரோடை இருக்கேக்கை இவருக்கே சொல்லாததுகளைச் சொன்னன். சொல்லி முடிச்சு மூச்சு வாங்கி, "ஆராவது பதில் சொல்லுங்கோவன்" எண்டு திரையைப் பார்த்தால், ஜெயசீலனின்ரை முகம் வாய் திறந்தபடி அப்பிடியே உறைஞ்சு நிக்குது.

"எடியே மலர்," எண்டா பத்மா கீழை இருந்து. "அது எப்பவோ நிண்டிட்டுது போலை."

அடுத்த பெற்றோல் செற்றிலை கோடு வந்தது, கோட்டோடை சேர்ந்து கூட்டக் குறிப்பும் வந்தது. 'திருமதி சோதிநாதன் கூட்டத்தை விட்டு வெளியேறினார். ஆட்சேபனை எதுவும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.'

ஜெயசீலனுக்கு எடுத்தன். "ஐயோ அக்கா, நீங்கள்தானே வெளியிலை போட்டியள், நான் என்ன செய்யிறது?" எண்டார் மனுசன். "கூட்டம் எண்டால் ஒரு ஒழுங்கு வேணுந்தானே. இனிப் பிரச்சினை வராமல் அதையும் ஒரு தீர்மானமாப் போட்டிட்டம். லைன் அறுந்தால் அவரவர் பொறுப்பு. கூட்டம் நிக்காது."

சொல்லிப்போட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சார். கருவாடு நிறுக்கேக்கை சிரிக்கிற அதே சிரிப்பு. நான் போனை வைச்சன். பெற்றோல் செற்றிலை நிண்டு சத்தியம் பண்ணினன், இந்தக் கோதாரி லைனை என்ரை காலடிக்குக் கொண்டு வராமல் விடமாட்டன் எண்டு.

3

முதல்லை சிம் கொம்பனிக்கு எடுத்தன். மெசின் கதைச்சுது, பாட்டுப் போட்டுது, திரும்ப மெசின் கதைச்சுது. கடைசியா ஒரு பெடியன் வந்தான். நல்ல மரியாதையான பெடியன், அதுதான் எனக்கு இன்னும் கோவம்.

"மெடம், நீங்கள் சொல்லுற இடத்திலை எங்கடை சேவை இல்லை."

"படத்திலை நாடு முழுக்க நாவல் நிறமாக் கிடந்ததே?"

"அது சனத்தொகையின்படி, மெடம். நாட்டுச் சனத்திலை கிட்டத்தட்ட எல்லாருக்கும் கிடைக்குது. நிலத்துக்கு எண்டு நாங்கள் சொல்லேல்லை. மூலையிலை சின்ன எழுத்திலை இருக்குது."

"அப்ப நான் சனம் இல்லையோ?"

"உங்கடை வீட்டு விலாசம் என்ன, மெடம்?"

"ரோவில்."

"ரோவிலிலை நல்லா இழுக்குமே!" எண்டான் சந்தோசமா.

மகளிட்டைச் சொன்னன். அவள் ரெயினிலை நிண்டுகொண்டு கதைச்சாள். "அம்மா, லெட் இற் கோ. இற்ஸ் ஜஸ்ற் எ போர்ட். அங்கை ஹூ இஸ் கோயிங் ரு ரீட் இற்?" ஜெயசீலன் சொன்னதை விட இது கூடச் சுட்டது. அது உன்ரை கொப்பரின்ரை பேரடி, எண்டன். "ஐ நோ, அம்மா," எண்டாள், அவளின்ரை ஸ்ரேசன் வந்திட்டுது. பிறந்த நேரத்திலை இருந்து எந்தக் கதையிலும் இந்தப் பிள்ளைக்கு ஒரு ஸ்ரேசன் வந்திடும்.

விசயத்தை விளங்கப்படுத்தினது லொறேன் எண்ட ஒரு வெள்ளைக்காரி. கரவன் பார்க்கிலை உடுப்புத் தோய்க்கிற இடத்திலை சந்திச்சனான். புருசன்காரனோடை கனகாலமா நாட்டைச் சுத்துறவ. என்ரை சிம்மைப் பார்த்திட்டு, "ஓ லவ்," எண்டு என்ரை தோளைத் தடவினா, செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி. சின்னக் கொம்பனிக்காரர் பெரிய கொம்பனியின்ரை கோபுரங்களை வாடகைக்குத்தான் எடுக்கினம். ஆனால் பெரிய கொம்பனிக்காரர் எல்லாத்தையும் குடுக்கமாட்டாங்களாம். ஊருக்கை இருக்கிறதைக் குடுத்துப்போட்டு, காட்டுக்கை இருக்கிறதைத் தங்களுக்கெண்டு வைச்சிருப்பாங்களாம். நாங்கள் வந்த புதுசிலை வீட்டுக்காரர் ஹோலிலை இருக்க விட்டு, மேல் மாடியைப் பூட்டி வைச்சிருந்தவை. அதே கதைதான்.

பேந்து என்ன, வேலையிலை இறங்கினன். பெரிய கொம்பனியிலையே நேர ஒரு சிம் எடுத்தன். எதுக்கும் எண்டு போட்டிக் கொம்பனியிலையும் ஒண்டு எடுத்தன், ஒருத்தன் இல்லாத இடத்திலை மற்றவன் இருப்பான். ரெண்டையும் ஒண்டாப் போடுற மோடம் ஒண்டு. வானின்ரை முன்னுக்கு ஆளுயரத்துக்கு ஒரு அன்ரெனாத் தடி. அதுகும் காணாதெண்டு கூரையிலை வெள்ளைப் பலகை மாதிரி ஒரு சட்டலைட் தட்டு. நல்ல விசயம் என்னெண்டால், வீட்டை நிக்கிற மாசங்களிலை சட்டலைட் கணக்கை நிப்பாட்டி வைக்கலாம், பயணத்துக்கு மட்டும் காசு கட்டினால் சரி. அந்தக் காசுக்காகச் சீரியல் சனலை வெட்டினன். பத்மா ரெண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. சின்னச் சின்ன ஊர்களிலை லைபிரரி வழிய இலவச வைஃபை இருக்குது. படம், பாட்டு, வரைபடம் எல்லாத்தையும் அங்கை இறக்கி வைச்சிட்டு, எங்கடை சொந்த லைனைக் கதைக்கிறதுக்கு மட்டும் பாவிப்பம். இதெல்லாம் நீங்கள் ஆரும் இஞ்சை வந்தால் உதவும் எண்டு சொல்லுறன். என்ரை தேவை வேறை.

வருசம் முழுக்க அந்த லைனிலை சங்கத்துச் சனம் ஒவ்வொருத்தருக்கும் எடுத்தன். வாசல் பேரைப் பற்றி ஒரு சொல் கதைக்கேல்லை. முழங்கால் எப்பிடி, மருமகள் பிள்ளைப் பெத்திட்டாவோ, அவ்வளவுதான். வைக்க முதல் மட்டும், "இவர் இருந்தால் உங்களை விசாரிச்சிருப்பார்" எண்டு சொல்லி வைப்பன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமிருக்காது. எனக்கு அந்தச் சத்தமில்லாத நேரம் போதும்.

4

இந்த வருசம் கட்டட வேலை முடிஞ்சிட்டுது. சித்திரையிலை திறப்பு விழா. அதுக்கு முதல் பொதுக்கூட்டம் வரவேணும், கூட்டத்திலை போன வருசத் தீர்மானத்தை உடைக்கவேணும். உடைக்காட்டில் வாசலுக்கு மேலை வேறை பேரைப் பதிச்சுப்போடுவாங்கள். பதிச்சாப் பிறகு ஆர் கிளப்பிறது?

மாசி கடைசியிலை சங்க வட்ஸ்அப் குறூப்பிலை ஒரு படம் போட்டன். வானும் நானும் பத்மாவும். கீழை, 'மார்ச் லோங் வீக்கென்ட் திரும்பவும் நல்லர்போர் பயணம்' எண்டு எழுதினன். அண்டு பின்னேரமே ஜெயசீலன் அறிவித்தல் போட்டிட்டார், பொதுக்கூட்டம் அதே லோங் வீக்கென்ட் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வந்த சிரிப்பை அடக்க ஏலாமல் குசினிக்கை போய் நிண்டு சிரிச்சன்.

என்ரை தீர்மானத்தை உரிய நேரத்துக்கு எழுதி அனுப்பினன். அதை அவர் மறுக்கேலாது. ஆனால் நிகழ்ச்சி நிரலிலை எல்லாத்துக்கும் கடைசியிலை கொண்டுபோய் வைச்சார். அது வருமட்டும் கிழவியின்ரை லைன் எங்கை நிக்கப்போகுது எண்ட எண்ணம்.

இப்ப கேளுங்கோ. ஜெயசீலன் போன வருசம் கடைசியிலை தானும் ஒரு கரவன் வாங்கினவர், காருக்குப் பின்னாலை இழுக்கிற பெரிய கரவன். நான் படம் போடப் போட அவற்றை மனுசி சுபாவுக்குப் பொறுக்கேல்லை. ஆனால் அந்தக் கரவன் மெல்பேர்ண் விளிம்பிலை இருக்கிற பக்கன்ஹாமைத் தாண்டி ஓடினதை ஆரும் காணேல்லை. நான் சுபாவுக்குத் தனிய ஒரு படம் அனுப்பினன். விக்ரோரியாவின்ரை வடமேற்கு மூலையிலை, பாலைக் காட்டுக்கை, உப்பேரிகள் ரோசாப்பூ நிறத்திலை கிடக்குது. 'சுபா, இதைப் பார்க்காமல் இந்த நாட்டிலை இருந்து என்ன? கோடை முடியேக்கைதான் நிறம் வடிவு. இந்த லோங் வீக்கென்டை விட்டால் பிள்ளையளுக்கும் பள்ளிக்கூடம்.'

உடனை பதில் வந்தது: 'அக்கா சோ பியூட்டிஃபுல்!!!' மூண்டு ஆச்சரியக்குறி.

ரெண்டு நாளாலை ஜெயசீலனே எடுத்தார். "அக்கா, உந்த ரோசா ஏரிக்குப் போவம் எண்டு மனுசி கழுத்தை அறுக்கிறா. ஞாயிற்றுக்கிழமை கூட்டமும் இருக்கு. நீங்கள் போன இடந்தானே, சிக்னல் எப்பிடி?"

நாங்கள் அங்கை போயிருந்தம். பெரிய கொம்பனிச் சிம் ஒரு மேட்டிலை நிண்டால் இழுக்கும். சின்னக் கொம்பனிச் சிம்மைப் போட்டுப் பார்த்தனான், செத்த பல்லி மாதிரிக் கிடந்தது.

"உங்கடை கடைச் சிம்தானே தம்பி?" எண்டு கேட்டன்.

"ஓம் அக்கா, பின்னை."

"பிறகென்ன யோசினை? சனம் இருக்கிற இடமெல்லாம் இழுக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அதுசரி," எண்டு சிரிச்சார். அதே சிரிப்பு. நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை, நீங்களே பாருங்கோ. அவர் தான் வித்த சாமானைத் தான் நம்பினார். நம்பாமல் விட்டிருந்தால் அவர் கள்ளன் எண்டு அர்த்தம். நம்பினதாலை வெறும் விசரன்.

5

ஞாயிற்றுக்கிழமை. வானைப் போன வருசம் நிண்ட அதே இடத்திலை விடவேணும் எண்டு நான் ஒற்றைக் காலிலை நிண்டு, பத்மாவிட்டைப் பேச்சு வாங்கி, அந்த ஏணி அதே திசையைப் பார்க்க விட்டன். ஏணியிலை ஏறேல்லை. உள்ளுக்கை மேசையிலை லப்டொப், பக்கத்திலை தேத்தண்ணி.

கூட்டத்திலை நாற்பது முகமளவிலை இருந்தது. ஒரு வீட்டிலை குக்கர் விசிலடிக்குது, இன்னொரு வீட்டிலை ரிவி. "ஆரோ மியூற் பண்ணேல்லை, மியூற் பண்ணுங்கோ" எண்டு மியூற் பண்ணாத ஆள்தான் கத்துறார். ஜெயசீலன் தொப்பி போட்டு, கரவனுக்கு வெளியிலை இருந்தார். பின்னாலை ரோசா நிறமா ஏரி. இந்த மனுசனுக்கு எப்பிடியப்பா லைன் வந்தது? கரவனை மேட்டிலை ஏத்தி, எங்கையோ ஒரு கோட்டைப் பிடிச்சிட்டார் போலை.

"எல்லாருக்கும் வணக்கம்," எண்டார். "பாருங்கோ, நாங்கள் எங்கை நிண்டாலும் சங்க வேலை நிக்காது."

ஆண்டறிக்கை போச்சு. கணக்கறிக்கை போச்சு. அவர் இடைக்கிடை போனைத் தூக்கிப் பிடிக்கிறதைக் கண்டன். போன வருசம் நான் தூக்கின மாதிரி, கை ஆகாயத்துக்கு. முகம் கட்டங்கட்டமா உடைஞ்சு திரும்பச் சேர்ந்தது. விளையாட்டுப் போட்டி விசயம் போச்சு. "கடைசியா," எண்டார், "சிவமலர் அக்காவின்ரை பிரேரணை. அக்கா இருக்கிறியளோ, இல்லாட்டிப் போன வருசம் மாதிரி..."

வாய் திறந்தபடி நிண்டிட்டார். ரோசா ஏரியும் நிண்டிட்டுது. கொஞ்ச நேரத்திலை அந்தப் பெட்டி மறைஞ்சு போச்சு.

"நான் இருக்கிறன்," எண்டன்.

செயலாளர் றஞ்சன் தடுமாறினான். "தலைவர் வருமட்டும் கொஞ்சம் பொறுப்பமோ?"

"றஞ்சன், போன வருசம் நிறைவேத்தின தீர்மானத்தை ஒருக்கால் வாசியுமன்."

அவன் வாசிச்சான். வேறை என்ன செய்வான், அவனே எழுதினது. லைன் அறுந்தால் அவரவர் பொறுப்பு. கூட்டம் நிக்காது. வாசிச்சு முடிய, ரிவி ஓடின வீடும் ரிவியை நிப்பாட்டீட்டுது.

நான் நீட்டேல்லை. போன வருசப் பேச்சு முழுக்க மனப்பாடம், ஆனால் அதைத் திரும்பச் சொல்ல மனம் வரேல்லை. "வாசலுக்கு மேலை சோதிநாதனின்ரை பேர். ஜெயசீலனின்ரை அப்பாவின்ரை பேர் உள்ளுக்கை, சின்னக் கல்லிலை, மற்ற ஆக்களோடை." அந்த அப்பு நல்ல மனுசன், அவரோடை எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனால் மகன் இவருக்கெண்டு எந்த இடத்தை ஒதுக்கினாரோ, அதே இடத்திலைதான் வைக்கவேணும் எண்டு நான் நினைச்சு நினைச்சு எழுதினனான்.

"வழிமொழிய ஆராவது?" எண்டு கேட்டான் றஞ்சன்.

ஒருத்தரும் இல்லை. முழங்கால் விசாரிச்சவை எல்லாம் குனிஞ்சுகொண்டு இருக்கினம். ரிக்கற் வாங்கின கடன் எல்லாருடைய முகத்திலையும் தெரியுது. கை தூக்கக் கேட்டால் தூக்குவினம், சனத்தோடை சனமா. பேரைச் சொல்லி முதல் ஆளா நிக்கப் பயம். பத்மா எங்கடை ஊர் இல்லை, அவவாலை ஏலாது. வழிமொழியாட்டில் பிரேரணை அதிலையே விழுந்திடும். வருசம் முழுக்கச் செய்த வேலை எல்லாம் என்ரை கண்ணுக்கு முன்னாலை போகுது.

மூலையிலை படம் இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி. பேர் இங்கிலிசிலை 'டார்ஷ்' எண்டு கிடந்தது. அதுக்கை இருந்து, "ஐ செக்கண்ட் இற்," எண்டு ஒரு குரல்.

இவர் அவளுக்குப் பதினெட்டு வயசிலை ஆயுள் அங்கத்துவம் எடுத்துக் குடுத்தவர். ஒரு கூட்டத்துக்கும் அவள் வந்தது கிடையாது.

"பிள்ளை, தமிழிலை சொன்னால் நல்லது, குறிப்பிலை எழுதவேணும்," எண்டான் றஞ்சன்.

கறுப்புப் பெட்டி கொஞ்சம் யோசிச்சுது. "நான்... தர்ஷினி சோதிநாதன். அப்பாவின்ரை மகள். நான் வழி... வழிமொழியிறன்."

அதுக்குப் பிறகு திரையிலை மஞ்சள் கையள் ஒண்டொண்டா எழும்பிச்சுது. எதிர்க்க ஒரு கையும் இல்லை. "தம்பி றஞ்சன், இதையும் எழுதும்," எண்டன். "தலைவர் கூட்டத்தை விட்டு வெளியேறினார். ஆட்சேபனை எதுவும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது." அவன் எழுதினான். நான் பார்த்துக்கொண்டிருந்து எழுதுவிச்சன்.

கூட்டம் முடிய மகளுக்கு எடுத்தன். வழக்கமா நான் ஒண்டு கேட்டால் ஒண்டு சொல்லுறவள், அண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பத்மா போன வருச வீடியோவை அவளுக்கு அனுப்பியிருக்கிறா. ஏணியிலை நிண்டு நான் செத்த போனுக்குச் சொன்ன பேச்சு முழுக்க.

"அம்மா, அப்பா கையெல்லாம் வெடிச்சு வேலைக்குப் போனவர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே. நோபடி ரோல்ட் மீ."

"நீ ஸ்ரேசன்லை இறங்கிப் போடுவாய், எப்ப சொல்லுறது," எண்டன். எண்டாலும் கண்ணைத் துடைக்க வேண்டி வந்திட்டுது.

6

ஜெயசீலன் எடுத்தது பொழுதுபடேக்கை. கரவனை இழுத்துக்கொண்டு கோடு வாற ஊர் வரைக்கும் வந்திருக்கிறார். நான் வெளியிலை இந்தக் கதிரையிலை இருந்தன். போனிலை கோடு இப்ப நிக்கிற மாதிரியே நிறைஞ்சு நிண்டது. அவர் மூச்சு வாங்கிறது கூடக் காதுக்கை கேட்டது.

"அக்கா, றஞ்சன் சொன்னவன். இது நியாயமோ? என்ரை லைன் போட்டுது அக்கா, நான் வெளியிலை போகேல்லை. நான் கத்திக் கத்திக் கதைச்சனான், ஒருத்தருக்கும் கேக்கேல்லை."

நான் போனை மற்றக் காதுக்கு மாத்தினன்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன், இது ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அப்பு கடைசி நாள் ஆஸ்பத்திரியிலை என்ரை கையைப் பிடிச்சவர். கூலி வேலை செய்து என்னைப் படிப்பிச்ச மனுசன். ஊரிலை அவற்றை பேர் ஒரு இடத்திலையும் இல்லை அக்கா, ஒரு கதவிலை கூட இல்லை. வைப்பன் அப்பு எண்டு சொன்னனான். சோதி அண்ணைக்கு நான் துரோகம் செய்தது எனக்குத் தெரியும். ராவிலை நித்திரை இல்லை. எண்டாலும் அப்புவுக்குச் சொன்ன சொல்லு..." குரல் உடைஞ்சு போச்சு. மனுசன் அழுதார். மெய்யாத்தான் அழுதார், ஒப்புக்கு இல்லை. ஒரு சொல் விடாமல் முழுக்கக் கேட்டன்.

பத்மா வாசல்லை வந்து நிண்டு என்ரை முகத்தைப் பார்த்தா. அவவுக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு தெளிவு லைன்.

"ஹலோ?" எண்டன். "ஹலோ, ஜெயசீலன் தம்பியோ? விட்டு விட்டுக் கேக்குது. ஒரு சொல்லும் விளங்கேல்லை."

அந்தப் பக்கம் மூக்கைச் சீறிற சத்தம். பிறகு தொண்டையைச் செருமிற சத்தம்.

"அக்கா, இப்ப கேக்குதோ? நான் முதல்லை இருந்து சொல்லுறன்," எண்டார்.

"சொல்லுங்கோ தம்பி, சொல்லுங்கோ," எண்டிட்டு, கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ச்சு, காலை நீட்டி வசதியா இருந்தன்.